“ஹார்ட் டிஸ்க் போச்சு” என்றதும் தலையாட்டிவிடாதீர்கள்

அப்பா கம்ப்யூட்டரைக் கொடுத்து ஏமாந்த கடையின் பேரை எழுதவில்லை. எங்களுக்குக் கொடுத்த துண்டுச்சீட்டிலும் பேர் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், முன்னால் சிசிடிவி கேமரா வியாபாரமும் உள்ளே கம்ப்யூட்டர் சர்வீசும் நடக்கிற கடை. அப்படிப் பல கடைகள் உண்டு, பெரும்பாலானவர்கள் ஒழுங்காகப் பிழைப்பவர்கள்தான்.

நாங்கள் அம்பாசமுத்திரம். அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2009இல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டரை இன்னும் விடவில்லை. கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், பின்னால் போட்ட விண்டோஸ் 7. அந்த டிஸ்கில்தான் அவர் உயிரே இருக்கிறது. 2011இலிருந்து சுற்றுவட்டாரத்துக் கோயில் கொடை விழாக்களில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செல்போனில் பிடித்த வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றது. 2023இல் குரோமும் கைவிட்டது. பேங்க் தளம் திறக்கவே மறுத்தது. “லினக்ஸ் போட்டுக்கலாம்பா, சனிக்கிழமை நான் வந்து போடுதேன்” என்று சொல்லியிருந்தேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இயங்குதளம் அது. சனிக்கிழமை வரை அவருக்குப் பொறுக்கவில்லை. சிபியுவைப் பழைய வேட்டியில் சுற்றி, செங்கோட்டை பாசஞ்சரில் மடியில் வைத்துக்கொண்டு ஜங்ஷன் போய்விட்டார்.

மறுநாள் கடையிலிருந்து போன். “ஐயா, லினக்ஸ் ஏத்துனா பாதியில நின்னுருது. ஹார்ட் டிஸ்க் போச்சு. இது 32 பிட் மிஷின் வேற. புது டிஸ்க் போட்டாத்தான் சரியா வரும்.” அப்பா சரி என்றுவிட்டார். துண்டுச்சீட்டில் கண்டபடி: புது 500 ஜிபி டிஸ்க் 2,800, லினக்ஸ் லைசென்ஸ் 600, சர்வீஸ் 400. ஆக 3,800 ரூபாய். போதாததற்கு வீட்டுத் தேங்காய் இரண்டு வேறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

லைசென்ஸ் என்ற வார்த்தையைப் பார்த்ததும்தான் எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் போட்டது லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஏற்றிக் கொடுக்கிற உழைப்புக்குக் கூலி கேட்டால் நியாயம், அதற்குத்தான் 400 தனியாகப் போட்டாயிற்றே. 32 பிட், அதாவது பழைய வகை மிஷின், என்று சொன்னதுகூடப் பொய். கோர் 2 டுவோ 64 பிட் பிராசசர். ராம் குறைவு என்று அந்தக் காலத்தில் 32 பிட் விண்டோஸைப் போட்டிருப்பார்கள். உள்ளே ஓடுகிற விண்டோஸைப் பார்த்துவிட்டு மிஷினையே 32 பிட் என்று சொல்வது, வாடகைக்கு இருப்பவரைப் பார்த்து வீட்டுக்கு விலை சொல்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மின்ட் சின்னத்தோடு நின்றது. கடையில் கேட்டால், “பழைய சிஸ்டம் ஐயா, அப்படித்தான் இருக்கும்.”

சனிக்கிழமை நான் உட்கார்ந்தேன். பழைய மிஷினுக்கேற்ற லேசான மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென்டிரைவில் எழுதி ஏற்றினால், ஃபைல்களைக் காப்பி செய்கிற கட்டத்தில், பட்டை முக்கால்வாசி வந்ததும் நின்றது. அரை மணி நேரம் பார்த்தேன், அசையவில்லை. எனக்கும் முதலில் பென்டிரைவ் மேல்தான் சந்தேகம். இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைல் கெடாமல் வந்ததா என்று பார்க்க, அதன் ஷா 256 சரிபார்ப்பு எண்ணை மின்ட் தளத்து எண்ணோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. வேறு பென்டிரைவ், அதே இடம். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டேன், ராமில் பிழையே இல்லை. (ஏற்றத் தொடங்கும்போதே கருப்புத் திரையோடு நின்றால் அது வேறு நோய். பெரும்பாலும் கிராஃபிக்ஸ் தகராறு, கம்ப்யூட்டர் கிளம்பும்போது வரும் பூட் வரியில் நோமோட்செட் என்று சேர்த்தால் பல பழைய மிஷின்கள் வழிக்கு வரும். எங்களுடையது அது இல்லை.)

இன்ஸ்டாலர் நின்றால் எல்லாரும் அதன் பட்டையையே முறைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒன்றும் சொல்லாது. லைவ் முறையில் (டிஸ்கில் பதியாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டுவது) ஏற்றியிருந்தால் பக்கத்திலேயே டெர்மினல் என்கிற கட்டளை ஜன்னலைத் திறந்து, நிர்வாகி உரிமைக்குச் சூடோ போட்டு, டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்து ஆங்கில எழுத்தைத் தட்டினால், லினக்ஸின் உட்கருவான கெர்னல் என்ன புலம்புகிறது என்று தெரியும். எனக்கு வரிசையாக ஐ/ஓ எரர் என்று வந்தது. அதாவது, டிஸ்கின் அந்த இடத்தில் எழுதவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை.

புது டிஸ்க் ஆயிற்றே? மின்ட்டிலேயே டிஸ்க்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. அதில் டிஸ்கைத் தேர்ந்தெடுத்து ஸ்மார்ட் விவரத்தைத் திறந்தேன். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கிற ஜாதகம் அது. இத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறேன், இத்தனை தடவை என்னை அணைத்துப் போட்டார்கள் என்று கணக்கு வைத்திருக்கும்.

ஓடிய நேரம் 31,212 மணி. அணைத்துப் போட்டது 96 தடவை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 31,212 மணி என்றால் நாள் முழுக்க ஓடினாலும் மூன்றரை வருஷம். வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் தினம் ஒரு தடவையாவது அணைப்போம், ஆயிரக்கணக்கில் வந்திருக்கும். மூன்றரை வருஷம் ராப்பகலாக ஓடி, 96 தடவை மட்டும் அணைந்த டிஸ்க் எங்கே இருந்திருக்கும்? ஏதோ ஒரு கடையின் கேமரா ரெக்கார்டரில். கழற்றிப் பார்த்தால், டிஸ்கின் மேல் எழுத்தை அழித்த தடம்கூட இருந்தது. ஸ்மார்ட் கணக்கையே அழித்து விற்கிற கில்லாடிகள் உண்டு. இவருக்கு அந்த மெனக்கெடலும் இல்லை. அம்பாசமுத்திரத்துப் பெரியவர் எங்கே பார்க்கப் போகிறார்!

அதே பட்டியலில் 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிய இடங்கள். 197ஆம் எண், கெட்டுக்கொண்டிருக்கும் இடங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இதில் இரண்டுமே நூற்றைத் தாண்டியிருந்தன.

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்தத் தம்பி நல்லா பேசினானேட்டி” என்றார். பிறகு, “என் பழைய டிஸ்க்கு எங்க?”

அது எனக்கும் தோன்றவில்லை பாருங்கள்.

இரண்டு பேரும் ஜங்ஷன் போனோம். “கழிவுல போட்டாச்சுங்கய்யா, பத்து நாளாச்சே.” நான் நகரவில்லை. “யக்கா, நீங்க வேணா தேடிப் பாருங்க” என்று ஒரு பேச்சுக்குச் சொன்னவர், நான் நிஜமாகவே மேசை இழுப்பறையைத் திறப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. ஏழெட்டு டிஸ்க் கிடந்தது. ஒன்றில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கரில் “320 ஓகே” என்று எழுதியிருந்தது. “அது வேற பார்ட்டியோடது.”

அப்பாவுக்கு எதை வாங்கினாலும் அதன் மேல் தேதி எழுதுகிற பழக்கம். குடை, டார்ச், பிரஷர் குக்கர் எதுவும் தப்பாது. 33 வருஷம் முத்திரை குத்திய கை. 2009இல் அசெம்பிள் செய்தவர் கையிலிருந்து டிஸ்கை வாங்கி எழுதிக்கொடுத்த பிறகுதான் மாட்டவே விட்டிருக்கிறார். நான் ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி உரித்தேன். அடியில் நீல மையில் 17-6-2009. கடைக்காரர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

செத்துப்போன டிஸ்கில் யாரும் “ஓகே” என்று எழுதி இழுப்பறையில் வைப்பதில்லை. அடுத்த பெரியவருக்குப் போகவிருந்தது. நல்லவேளையாக இன்னும் அழிக்கவில்லை. கொடைப் பதிவுகள் எல்லாம் இருந்தன.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லைவ் முறையில் ஏற்றி எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் காப்பி எடுத்தேன். பிறகு லினக்ஸ் ஏற்றினால், இதிலும் நின்றது! ஒரு நிமிஷம் கடைக்காரர் சொன்னதுதான் நிஜமோ என்று வயிறு கலங்கிவிட்டது. ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தால் 5ஆம் எண் பூஜ்யம், 197ஆம் எண் பூஜ்யம், ஆனால் 199ஆம் எண் ஆயிரத்துக்கு மேல். அது டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே போக்குவரத்தில் வந்த பிழைகளின் கணக்கு. டிஸ்க் நன்றாக இருந்து இது மட்டும் ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரண்டையும் இணைக்கிற சாட்டா கேபிள். சிவப்புக் கேபிள், பூட்டு இல்லாத பழைய வகை, பதினைந்து வருஷச் சூட்டில் முனை தளர்ந்திருந்தது. அம்பாசமுத்திரத்திலேயே 60 ரூபாய்க்குப் புதுசு கிடைத்தது. மாட்டினேன். அரை மணி நேரத்துக்குள் லினக்ஸ் ஏறி முடிந்தது.

ஆக, பாதியில் நின்றது என்று அந்தத் தம்பி சொன்னது நிஜமாகவே நடந்திருக்கும். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல டிஸ்க் என்று தெரிந்து, அதில் ஓகே எழுதி எடுத்து வைத்துக்கொண்டு, சாகப்போகிற டிஸ்கைப் புதுசு என்று மாட்டினாரே, அதற்குத்தான் இந்தப் பதிவு. சிபியுவைக் கடையில் விடுவதற்கு முன் மூடியைத் திறந்து டிஸ்க், ராம் இரண்டின் சீரியல் எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்பாவின் நீல மை இருந்தது, எல்லாருக்கும் இருக்காது. மாற்றினால் பழையதைக் கையோடு கேளுங்கள். புதுசு என்றால் கடையிலேயே ஓடிய மணிக்கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

பணத்துக்காக மூன்றாம் தடவை போனோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முதலில் அங்கே பேசினேன், பில் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் முதல் கேள்வி. எங்களிடம் துண்டுச்சீட்டு மட்டும். ஆனாலும் அந்த எண்ணில் பேசினேன் என்று கடையில் சொன்னதும், ஸ்மார்ட் பட்டியலின் படத்தைப் போனில் காட்டியதும் வேலை செய்தது. டிஸ்கைக் கொடுத்தால் 2,800 தருகிறேன் என்றார். லைசென்ஸ் 600? “அது கம்பெனிக்குப் போயிருச்சுக்கா.” எந்தக் கம்பெனி என்று கேட்டேன். பதில் வரவில்லை. அப்பா, “விடுட்டி, ரயிலுக்கு நேரமாச்சு” என்றார்.

ரூபாயை எண்ணி வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். டிஸ்கைக் கொடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டு, “தம்பி, அந்த மார்க்கரைக் கொஞ்சம் குடு” என்றார். எதற்கென்று புரியாமலே அவரும் கொடுத்தார். டிஸ்கின் முதுகில் நிதானமாக “31,212 மணி” என்று எழுதி, அடியில் அன்றைய தேதியையும் போட்டு, மை காய்வதற்கு ஊதிவிட்டு நீட்டினார்.