செம்மறிகளுக்குச் செலினியமும் வைட்டமின் ஈ-யும்: சில ஆண்டுகள் கொடுத்துப் பார்த்ததில்

ஆடுகள் சினை பிடிக்கவில்லை, என்ன சத்து மருந்து கொடுக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கிடாவுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? பெட்டைகளுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். பட்டி முழுவதையும் சினைப்படுத்த வேண்டிய பொலிகிடாவோ சேர்க்கைக்கு முதல் நாள் வரை யார் கவனத்திலும் இருப்பதில்லை. செலினியம், வைட்டமின் ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சத்துகளை, அதாவது உடல் செல்களைச் சிதைவிலிருந்து காக்கும் சத்துகளை, சில ஆண்டுகளாகத் தொடர்ந்து கொடுத்து வருகிறேன். பலன் கண்கூடாகத் தெரிந்தது கிடாக்களிடம்தான்.

அதற்குக் காரணம் உண்டு. விந்தணுவின் மேல்சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அதிகம். வெயிலிலும் காய்ச்சலிலும் உடலில் பெருகும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் முதலில் தாக்குவது அந்தக் கொழுப்பைத்தான். வைட்டமின் ஈ சவ்வுக்குள்ளேயே இருந்து அதைத் தடுக்கிறது. குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதி மிச்சத்தைச் சமாளிக்கிறது. அந்த நொதி வேலை செய்யச் செலினியம் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்.

எப்போது தொடங்குவது என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். செம்மறிக் கிடாவில் விந்தணு உருவாக ஏறக்குறைய 7 வாரம் ஆகிறது. அது முதிர்ந்து வெளிவர மேலும் இரண்டு வாரம் வரை ஆகும். இன்று கொடுத்த மருந்தின் முழுப் பலனும் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும். சேர்க்கைக்குப் பத்து நாள் முன்பு ஊசி போட்டுவிட்டு, மருந்து சரியில்லை என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

பலனை அளக்க நான் நம்புவது வண்ணக் குழம்பை. கிடாவின் நெஞ்சில் தடவிவிட்டால், அது ஏறிய பெட்டையின் பின்புறத்தில் நிறம் ஒட்டிக்கொள்ளும். பெட்டையின் பருவச் சுழற்சி 16 முதல் 17 நாள். அந்தக் கணக்கில் நிறத்தை மாற்றிக்கொண்டே வந்தால், ஒரே ஆட்டின் முதுகில் மஞ்சளின்மேல் சிவப்பு விழுந்திருக்கும்போது முதல் சேர்க்கையில் சினை நிற்கவில்லை என்று புரிந்துவிடும். முன்பெல்லாம் கோடைக்குப் பிந்தைய சேர்க்கையில் இரட்டை நிறம் விழுந்த பெட்டைகள் நிறைய இருக்கும். கிடாக்களுக்கு இரண்டு மாதம் முன்பே செலினியம், வைட்டமின் ஈ, துத்தநாகம் கொடுக்கத் தொடங்கிய பிறகு அவை நன்றாகக் குறைந்துவிட்டன. அதே காலத்தில் கிடாக்களுக்கு நல்ல நிழலும் செய்து கொடுத்தேன். விதைப்பை உடலைவிட நான்கைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்து தேறும். ஆகவே முழுப் பெருமையையும் மருந்துக்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெட்டைகள் விஷயம் வேறு. செலினியம் குறைந்த மண்ணில் மேயும் ஆடுகளில், சேர்க்கைக்குப் பின் மூன்று நான்கு வாரத்துக்குள் கரு இறந்துவிடுவது உண்டு. நியூசிலாந்தின் மேய்ச்சல் நிலங்களில் இது நன்றாக அறியப்பட்ட ஒன்று. வெளியே ஒன்றும் தெரியாது, ஆடு வெறுமனே பருவத்துக்குத் திரும்பும். மண்ணில் செலினியம் போதுமான அளவு இருக்கும் இடத்தில் கூடுதலாகக் கொடுத்து எந்தப் பயனும் இல்லை. எனவே கால்நடை மருத்துவரிடம் சொல்லிச் சில ஆடுகளின் இரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுத் தொடங்குங்கள். என் பட்டியில் குறைவு இருப்பது தெரிந்த பிறகே கொடுத்தேன். பெட்டைகளுக்குச் சேர்க்கைக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுகிறேன். சேர்ந்த பிறகு முதல் மாதம் அவற்றைப் பிடித்து அலைக்கழிப்பதே இல்லை.

வைட்டமின் ஈ பசும்புல்லில் தாராளமாக இருக்கிறது. புல் காயக் காயக் குறைந்துவிடுகிறது. வைட்டமின் ஏ-யைக் கல்லீரல் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும், ஈ-யை அப்படிச் சேமிக்காது. பச்சை கிடைக்கும் காலத்தில் நான் அதை நிறுத்திவிடுகிறேன். டப்பாவில் வைட்டமின் சி என்று பெரிதாகப் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். செம்மறி அதைத் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். வாய்வழியாகக் கொடுப்பதில் பெரும்பகுதி முதல் வயிற்றில் அழிந்துபோகும்.

நக்கும் தாது உப்புக் கட்டி எனக்குத் திருப்தி தரவில்லை. முரட்டு ஆடு நாள் முழுக்க நக்குகிறது, பயந்த ஆடு கிட்டேயே வருவதில்லை. பொடியை அடர்தீவனத்தில் கலந்தால் தொட்டியின் அடியில் தங்கிவிடுகிறது, லேசாக ஈரப்படுத்திப் பிசிறிக் கொடுக்க வேண்டும். செலினியத்தில் ஈஸ்ட் வகை, சாதாரண உப்பு வகையைவிட நன்றாக உடலில் சேர்கிறது. சினையின் கடைசி மாதத்தில் அதைக் கொடுத்த ஆடுகளின் குட்டிகள் பிறந்ததும் சுறுசுறுப்பாக எழுந்து மடியைத் தேடுகின்றன. செலினியக் குறைவால் பின்னங்கால் விறைத்து, முதுகு வளைந்து நிற்கும் குட்டிகளை இப்போது பார்ப்பதில்லை. செலினியம் நச்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகும். வைட்டமின் ஈ பெரும்பாலும் சீம்பாலில்தான் கிடைக்கும் என்பதால் முதல் சில மணி நேரத்தில் பால் குடித்தாக வேண்டும்.

மாட்டுக்கான தாது உப்புக் கலவையை மட்டும் செம்மறிக்குக் கொடுத்துவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதில் தாமிரம் அதிகம். மாடு தாங்கும் அளவைச் செம்மறி தாங்காது. மாதக்கணக்கில் கல்லீரலில் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று கண் மஞ்சளாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகி ஆடு விழுந்துவிடும். செலினியத்திலும் தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. உலர் தீவனத்தில் கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் போதும். ஊசி, கட்டி, கலவைத் தீவனம் மூன்றிலும் அது இருக்கக்கூடும் என்பதால் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிட்டு, மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் கொடுங்கள்.

இடுப்பெலும்பு கையில் குத்துகிற அளவுக்கு மெலிந்த ஆட்டை எந்த வைட்டமினும் சினையாக்காது. சேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே தீவனத்தைக் கூட்டுவதுதான் அதற்கு வழி. தீவனமும் தாதுவும் சரியாக இருந்தும் பட்டி முழுக்க இரட்டை நிறம் விழுகிறதென்றால் கிடாவின் விதையைத் தடவிப் பாருங்கள். கட்டியோ வீக்கமோ தட்டுப்பட்டால் அது புரூசெல்லா என்ற பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். அந்தக் கிடாவை உடனே தனியே பிரித்துக் கட்டிவிட்டு இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.