கப்பலைச் சுற்றி ஓடும் நீர்: பேனல் முறையா, ஆர்ஏஎன்எஸ்ஸா?

கப்பல் உடலைச் சுற்றி ஓடும் நீரைக் கணக்கில் பிடிக்க, வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றையே எடுக்கிறார்கள். நீருக்குப் பாகுத்தன்மையே இல்லை என்று வைத்துக்கொண்டு லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்ப்பது பேனல் முறை. பாகுத்தன்மை, கொந்தளிப்பு எல்லாவற்றையும் சேர்த்து, சராசரி எடுத்த நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்ப்பது ஆர்ஏஎன்எஸ். இரண்டாவது வந்ததும் முதலாவது பழசாகிவிட்டது என்று பலர் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பேனல் முறையில் நீர் முழுவதையும் கட்டம் கட்டமாக வெட்ட வேண்டியதில்லை. கப்பலின் நனைந்த பரப்பையும் சுற்றியுள்ள நீர்மட்டத்தையும் சில ஆயிரம் துண்டுகளாக்கினால் போதும். சாதாரணக் கணினியிலேயே சில நிமிடங்களில் அலைகள் வந்துவிடும். மெல்லிய கப்பலின் அலைத்தடைக்கு (அலை எழுப்புவதால் வரும் தடைக்கு) 1898இல் ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் மிச்செல் தந்த தொகையீடுதான் இந்த வம்சத்தின் மூத்த பிள்ளை. முன்முனைக் குமிழை (நீருக்கடியில் கப்பலின் முன்னே துருத்தும் புடைப்பை) நீட்டலாமா, தாழ்த்தலாமா என்று ஏராளமான வடிவங்களைச் சலிக்க இதுவே தோது. உராய்வு மட்டும் இதில் கிடையாது; கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் சோதிக்கும் ஆய்வகங்களின் பன்னாட்டு அமைப்பான ஐடிடிசியின் 1957ஆம் ஆண்டு சூத்திரத்தில் அதை எடுத்துத் தனியே கூட்டிக்கொள்ள வேண்டும். உடையும் அலைகளும் இதன் கைக்கு எட்டாது.

எது எங்கே உதவும் என்பதைப் பார்க்க, ஆய்வாளர்கள் எல்லோரும் சோதித்துப் பார்க்கும் இரண்டு வடிவங்களை எடுத்துக்கொள்வோம். கேசிஎஸ் என்ற சரக்குப்பெட்டகக் கப்பல் 230 மீட்டர் நீளம், 24 நாட் வேகம்; நீளத்தோடு ஒப்பிட்டு வேகத்தை அளந்து அலையின் பங்கைக் காட்டும் ஃப்ரூட் எண் 0.26. அலை இங்கே பெரிய விஷயம். முன்பக்கத்தைப் பேனலில்தான் தொடங்குவேன். கேவிஎல்சிசி2 என்ற எண்ணெய்க் கப்பல் 320 மீட்டர், 15.5 நாட், ஃப்ரூட் எண் 0.142 மட்டுமே. தடையில் ஏறக்குறைய எல்லாமே பாகுத்தன்மையால் வருவது. அங்கே பேனல் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கப்பலின் பருத்த பின்பகுதியில் சுழல் ஒன்று உருவாகி, மெதுவான நீரைப் புரொப்பெல்லர் தளத்துக்கு இழுத்து வருகிறது. ஒரே வேகமுள்ள இடங்களை இணைத்துக் கோடுகள் வரைந்தால் கொக்கி போல வளைந்து தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கைகள் அந்த இடத்தைக் கடக்கின்றன. பளு ஏறி இறங்குவதால் அதிர்வும் குழிவாக்கமும் (அழுத்தம் குறைந்து நீரில் ஆவிக் குமிழ்கள் தோன்றி உடைவது) வருகின்றன. ஆர்ஏஎன்எஸ்ஸால் இதைக் காட்ட முடியும், ஆனால் கொந்தளிப்பு மாதிரியை, அதாவது கொந்தளிப்பின் விளைவைத் தோராயமாகச் சேர்க்கும் சமன்பாடுகளை, பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான கே–எப்சிலான் மாதிரி அந்தக் கொக்கியை வழித்துத் தட்டையாக்கிவிடும். ரெனால்ட்ஸ் தகைவு மாதிரிகளில் நன்றாகவே தெரியும்.

சிறிய கப்பல் மாதிரியை நீரில் இழுத்துத் தடையை அளக்கும் இழுவைத் தொட்டியும் போட்டியில் உண்டு. ஃப்ரூட் எண்ணைப் பொருத்தினால், பாகுத்தன்மையின் பங்கைக் காட்டும் ரெனால்ட்ஸ் எண் நூறு மடங்குக்கு மேல் குறைந்துபோகும் என்பதுதான் அதன் பழைய தலைவலி. ஆர்ஏஎன்எஸ்ஸை முழு அளவிலேயே ஓட்டலாம். சரிபார்க்கத்தான் கடலில் எடுத்த அளவீடுகள் குறைவு.

அப்புறம் ஒன்று. இரண்டு குமிழ் வடிவங்களுக்கு நடுவே தடையில் ஒரு சதவீதம்தான் வித்தியாசம் என்றால், கட்டங்களை வெட்டிய விதமே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடலாம். இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கட்டம் போடாமல் ஆர்ஏஎன்எஸ் விடைகளை ஒப்பிட்டால், பேனலின் தரவரிசையையே நான் நம்புவேன்.