கலிலியோவா, ஜூனோவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் விழாவுக்கு வியாழன் கோளை ஆராய்ந்த விண்கலம் ஒன்றின் மாதிரி செய்ய வேண்டுமாம். கலிலியோ, ஜூனோ என்ற இரண்டு விண்கலங்களில் எதைச் செய்வது என்று வீட்டுக்கு வீடு குழப்பம்.

பயணம்: கலிலியோ 1989இல் கிளம்பி 1995இல் போய்ச் சேர்ந்தது. ஜூனோ 2011இல் கிளம்பி 2016இல்.

மின்சாரம்: கலிலியோவுக்குப் புளூட்டோனியம் என்ற கதிரியக்கப் பொருளின் வெப்பம். ஜூனோவுக்கு வெயில், ஏறக்குறைய 9 மீட்டர் நீளத்தில் மூன்று சூரியத் தகடுகள். நமக்குக் கிடைக்கும் வெயிலில் 25இல் ஒரு பங்குதான் அங்கே!

கதை: இதில் கலிலியோதான் கில்லாடி. குடை மாதிரி விரிய வேண்டிய பெரிய ஆன்டெனா பாதியில் சிக்கிக்கொண்டது. சின்ன ஆன்டெனாவை வைத்தே ஆமை வேகத்தில் தகவல் வாங்கிச் சமாளித்தார்கள். கலிலியோ அனுப்பிய துணைக்கலமோ வியாழனின் காற்றுக்குள் இறங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் அடங்கியது. ஜூனோ துருவப் புயல்களைப் படமெடுத்தது. படங்கள் அள்ளும்.

செலவு: ஜூனோவுக்கு அட்டை, நீலத்தாள், ஐந்து வெள்ளி (ரிங்கிட்). கலிலியோவுக்கு ஒடிந்த குடை; தோட்டத்து வீடுகளில் அதற்கா பஞ்சம்?

சரி, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஜூனோ. வாயாடும் ஆறாம் ஆண்டுக்காரர்களுக்குக் கலிலியோ. நீதிபதிகள் கேட்டால் அந்த ஆன்டெனாவிலேயே பத்து நிமிடம் ஓட்டலாம்.