வான் கோவின் கடிதங்கள்: இணையத் தொகுப்பு ஒரு மதிப்பீடு

ஓவியர் வின்சென்ட் வான் கோ எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 902 கடிதங்களை, ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான் கோ அருங்காட்சியகத்தின் முயற்சியால் 2009 முதல் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்க முடிகிறது. மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, கையெழுத்துப் படிமம், குறிப்புகள் ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் வசதியே இதன் பெருஞ்சிறப்பு. வாழ்நாளில் ஒரே ஓவியம்தான் விற்றாரா என்று கேட்பவர்கள், 1882இல் அவருடைய சிற்றப்பா ஹேக் நகரக் காட்சிகளை வரைந்து தரும்படி பணம் கொடுத்துக் கேட்ட செய்தியை இங்கே கண்டால், அந்தக் கேள்வியையே சற்று மாற்றிக் கேட்பார்கள். தம்பி தியோ அனுப்பிய பணத்தின் கணக்கும், ஜப்பானிய அச்சுப்படங்கள்மீது வின்சென்ட் கொண்ட மோகமும் தேதி வரிசையில் விரிகின்றன. தொடக்ககாலக் கடிதங்களில் சமயப் போதனை மிகுதி, அலுப்புத் தட்டும். ஆகவே புதிய வாசகர்கள் 1888ஆம் ஆண்டின் ஆர்ல் நகரக் கடிதங்களிலிருந்து தொடங்குவதே நல்லது.