தஞ்சாவூர் டூர் பேக்கேஜில் போன 16,400 ரூபாய்: ஆன்லைனில் புக் செய்பவர்கள் படித்துவிடுங்கள்

"உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது" என்று இன்று மதியம் மெசேஜ் வந்திருக்கிறது. எதைத் தீர்த்தார்களோ தெரியவில்லை, 16,400 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. பெயரைப் போட்டால் வம்பு வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள், அதனால் போடவில்லை. ஊர் ஊராக டூர் நடத்துகிறவர்களையும் பயணிகளையும் சேர்த்துவிடும் ஆன்லைன் தளம் ஒன்று. அதில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பச்சை டிக் வாங்கிய ஒரு ஆள்.

ஜெர்மனியிலிருந்து ஒரு செமஸ்டருக்கு எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கிறாள் என் தோழி. ஆர்க்கிடெக்சர் மாணவி. மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன், மாமல்லபுரம் எல்லாம் சுற்றிக் காட்டியாயிற்று. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயிலைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று நின்றாள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் பார்க்க வேண்டும். பஸ்ஸில் போனால் முடியாது என்றுதான் பேக்கேஜ் தேடினோம்.

அந்த ஆள் போனில் பேசிய விதம் இருக்கிறதே! எடுத்த எடுப்பில் அவன் விலை பேசவில்லை. "சிஸ்டர், கோபுர நிழல் தரையில விழாதுன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. நல்லாவே விழும். சாயங்காலம் உங்க ஃபிரெண்டுக்கு நானே காட்டுறேன்" என்றான். இப்படி உண்மையைச் சொல்கிற ஆள் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தோழிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், அவளுக்கு ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்து ஓவியங்களைப் பற்றி ஆரம்பித்தான். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் கண்டுபிடித்தது, அந்தப் பகுதிக்குள் பொதுமக்களை விடாதது எல்லாம் சொல்லிவிட்டு, "உங்க ஃபிரெண்டு ஆர்க்கிடெக்சர் ஸ்டூடண்ட்தானே, ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கிடலாம் சிஸ்டர்" என்றான். நாங்கள் விழுந்தது அந்த இடத்தில்தான்.

பில் வந்தது. கார் 6,500, அறை 3,200, கைடு 2,500, வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணம் இரண்டு கோயிலுக்கு 600 வீதம் 1,200, ஓவிய அனுமதி 3,000. மொத்தம் 16,400. மாமல்லபுரத்தில் தோழிக்கு 600 கட்டித்தான் உள்ளே போனோம், அதனால் அந்த வரி உறுத்தவே இல்லை. முழுப் பணத்தையும் தளத்திலேயே கார்டில் கட்டினோம். பாதி அவளுடைய உதவித்தொகைப் பணம்.

வெள்ளி இரவு எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினோம். அந்த டிக்கெட்டை மட்டும் நாங்களே போட்டிருந்தோம், உருப்படியாக நடந்ததும் அது ஒன்றுதான். காலையில் தஞ்சாவூரில் இறங்கினால் கார் இல்லை. போன் செய்தால் "டிரைவர் வந்துட்டே இருக்கார் சிஸ்டர்." இதையே வெயில் ஏறும்வரை கேட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அவன் சொன்ன லாட்ஜுக்குப் போனோம். வரவேற்பில் இருந்தவர் தோழியைப் பார்த்ததுமே, "ஃபாரினர்ஸுக்கு இங்க ரூம் கிடையாது மேடம்" என்றார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் ஆன்லைனில் பதிய வேண்டும், சி ஃபார்ம் என்பார்கள். அந்த ஏற்பாடு அங்கே இல்லையாம். பாஸ்போர்ட் நகலை அனுப்பச் சொல்லி வாங்கிவைத்துக்கொண்டவனுக்கு இது தெரியாதா? அது போகட்டும், எங்கள் பெயரில் அங்கே புக்கிங்கே இல்லை. கைக்காசு போட்டு வேறு ஹோட்டலில் அறை எடுத்தோம்.

பெரிய கோயில் வாசலில் டிக்கெட் கவுன்டரைத் தேடினேன். பூ விற்கிற அம்மா சிரித்துவிட்டார். "கோயிலுக்கு எதுக்கும்மா டிக்கெட்டு?" உள்நாடோ வெளிநாடோ, யாருக்கும் கட்டணம் இல்லை. ஓவிய அனுமதியைப் பற்றிக் கேட்டதும் காவலர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அப்படி யாரையும் உள்ளே விடுவதில்லை என்றார். வளாகத்திலேயே தொல்லியல் துறை வைத்திருக்கும் காட்சிக்கூடத்தில் அந்த ஓவியங்களின் படங்களை மட்டும் பார்த்தோம். அதற்கும் காசு இல்லை.

சாயங்காலம் ஒரு வழியாகக் கைடு என்று ஒருவர் வந்து சேர்ந்தார். வந்ததும் கையை உயர்த்தி, "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையிலயே விழாதும்மா" என்று ஆரம்பித்தார். அவர் நின்றதே விமானத்தின் நிழலில்தான்! அறுபது மீட்டருக்கு மேல் உயரமுள்ள விமானம், நிழல் பிரகாரம் முழுக்க நீண்டு கிடக்கிறது. தோழி பேசாமல் தரையைக் காட்டினாள். மனிதர் அசரவில்லை. அரை மணி நேரம் பேசிவிட்டு, அருகிலிருந்த ஓவியக் கடைக்குள் எங்களைத் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் எதுவும் வாங்கவில்லை என்றதும் ஆளைக் காணோம்.

ஞாயிற்றுக்கிழமையும் கார் வரவில்லை. கும்பகோணம் பஸ் ஏறி தாராசுரம் பார்த்தோம். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு நேரமே இல்லாமல் போயிற்று.

சென்னை வந்ததும் பணத்தைக் கேட்டேன். அவன், "பேமெண்ட் சைட்டுக்குத்தானே போச்சு, அங்க கேளுங்க சிஸ்டர்" என்றான். தளத்தில் கேட்டால், தாங்கள் வெறும் இணைப்பு மட்டுமே, டூர் நடத்துபவரிடம் பேசவும் என்று பதில். திரும்ப அவனிடம். இப்போது "அக்கவுண்ட்ஸ் டீம் பாத்துட்டு இருக்காங்க." அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டான். தளத்தின் சாட்டில் வந்த பெண் மூன்று முறை 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' போட்டுவிட்டுக் கடைசியில் சொன்னதுதான் உச்சம்: கைடு எங்களைச் சந்தித்துவிட்டதால் சேவை வழங்கப்பட்டதாகக் கருதப்படுமாம். அரை மணி நேர நிழல் கதைக்கு 16,400 ரூபாய்! வராத கார், இல்லாத அறை, கிடைக்கவே கிடைக்காத அனுமதி, எதைக் கேட்டாலும் அதே பதிலை ஒட்டினாள். அதன் பிறகுதான் இந்த 'தீர்த்துவைக்கப்பட்டது' மெசேஜ்.

என்னென்ன பார்த்து புக் செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது, பில்லில் அந்த வரி இருந்தாலே விலகிவிடுங்கள். ஓவியத்துக்கு ஸ்பெஷல் பர்மிஷன் என்பவனை நம்பாதீர்கள். வெளிநாட்டு நண்பர்களோடு போனால் ஹோட்டலுக்கு நீங்களே போன் போட்டு சி ஃபார்ம் உண்டா, உங்கள் பெயரில் புக்கிங் இருக்கிறதா என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், கார்டு கொடுத்த வங்கிக்கும் எழுதியிருக்கிறேன். பில், சாட் எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. இதே 'சிஸ்டர்' குரலிடம் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம். தோழி அடுத்த மாதம் ஊருக்குக் கிளம்புகிறாள், அதற்குள் அவளுடைய பாதியையாவது வாங்கியாக வேண்டும்.