கூப்பர் கப், ஸ்டீவ் ஸ்மித்: ஒரே சாதனை, வேறு வேறு அடைமொழி

இருவரும் அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீகில் வைட் ரிசீவர்கள், அதாவது எறியப்படும் பந்தைப் பிடித்து ஓடுபவர்கள். அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இருவரும் மூன்றாம் சுற்றில்தான் தேர்வானார்கள்: கறுப்பரான ஸ்மித் 2001-இல் 74-ஆவதாக, வெள்ளையரான கப் 2017-இல் 69-ஆவதாக. கேட்ச், யார்டு, டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) மூன்றிலும் ஒரே சீசனில் முதலிடம் பிடிப்பது மிக அரிது. ஸ்மித் அதை 2005-இல் செய்தார் (103 கேட்ச், 1,563 யார்டு). கப் 2021-இல் செய்தார் (145 கேட்ச், 1,947 யார்டு).

ஆனால் பேச்சைக் கேளுங்கள். கப் என்றால் 'புத்திசாலி, உழைப்பாளி'. ஸ்மித் என்றால் 'வேகம், வெறி'. 40 யார்டை 4.62 விநாடியில் ஓடியதால் கப் மெதுவானவர் என்றார்கள். பந்தைப் பிடித்தபின் அவர் தடுப்பாளர்களை உதறிவிட்டு ஓடுவதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஸ்மித்தின் உயரமோ 5 அடி 9 அங்குலம்தான். 2004 ஜனவரியில் ராம்ஸ் அணிக்கு எதிராக, இரண்டாவது கூடுதல் நேரத்தின் முதல் முயற்சியிலேயே நடுவில் வெட்டி உள்ளே புகுந்து பந்தைப் பிடித்து, 69 யார்டு டச்டவுனால் ஆட்டத்தை முடித்தார். எந்த நொடியில் திரும்புவது என்ற கணக்கு இல்லாமல் வெறும் கால் வேகத்தால் அது நடக்காது.

வாய்ப்பிலும் வித்தியாசம் உண்டு. ஸ்மித்துக்கு முதல் ஆண்டில் முக்கிய வேலை கிக் ரிட்டர்ன், அதாவது எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவது. கப் தொடக்கத்திலேயே ரிசீவராக ஆடினார். இதற்கு இனம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், அணிகளின் தேவை வேறு. ஆனாலும் இரண்டு முத்திரைகளில் கறுப்பர் மேல் விழுவதே அதிகம் வலிக்கிறது: மூளையைக் குறைத்து மதிப்பிடும் அதே பழக்கம்தான் கறுப்பின குவார்ட்டர்பேக்குகளை (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை வழிநடத்துபவர்களை) நெடுங்காலம் ஒதுக்கியது. கல்லூரி அணிகளின் பெரிய ஆட்டமான ரோஸ் பவுலை வென்ற கறுப்பின குவார்ட்டர்பேக் வாரன் மூனை 1978-இல் எந்த அணியும் தேர்வு செய்யவில்லை. அவர் கனடாவுக்குப் போய் ஆடினார்.