லேசர் என்று காசு வாங்கிவிட்டு டி.யூ.ஆர்.பி. செய்தார்கள்: புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கவனம்

வீட்டில் யாருக்காவது சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீக்கம் என்று ஆபரேஷன் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை.

அப்பாவுக்கு வயது 72. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், டூட்டாஸ்டெரைடு மாத்திரைகள் வருஷக்கணக்கில் ஓடியும் கடைசியில் ஒரு ராத்திரி சிறுநீர் முழுக்க அடைத்துக்கொண்டு, அதை வடிக்கிற கதீட்டர் குழாய் போடும்படி ஆயிற்று. ஸ்கேனில் சுரப்பி 90 கிராமுக்கு மேல். இனி மாத்திரையால் ஆகாது என்றார்கள், சரி.

போன இடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வாசலிலேயே லேசர் புராஸ்டேட் சிகிச்சை என்று பெரிய போர்டு. டாக்டர் பேசியது கொஞ்ச நேரம்தான், மற்றதெல்லாம் பேக்கேஜ் சொல்கிற பெண். "அப்பாவுக்குக் கத்தியே கிடையாது சார், தையல் கிடையாது, பழைய டி.யூ.ஆர்.பி. மாதிரி இல்ல, இது லேசர்" என்றார். முதல் புரட்டு இங்கேயே. டி.யூ.ஆர்.பி. என்பது மின்சார வளையத்தால் புராஸ்டேட் சதையைச் சீவிச் சீவி எடுக்கிற ஆபரேஷன், அதிலும் வெளியே கத்தி கிடையாது, தையலும் கிடையாது. இரண்டுமே சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டு உள்ளே செய்கிற வேலைதான். எந்த லேசர் என்று கேட்டேன். "லேட்டஸ்ட் லேசர் சார்." குளோபிடோக்ரெல்லை நிறுத்த வேண்டாமா, இதய டாக்டரிடம் கேட்கவா என்றதற்கும் "லேசர்தானே, ரத்தமே வராது, அது பாட்டுக்கு சாப்பிடட்டும்" என்று பதில்.

ஆபரேஷன் அன்று ராத்திரி, மூன்று வழிக் கதீட்டரில் உள்ளே கழுவுவதற்குச் சலைன் ஓடிக்கொண்டே இருக்கிறது, பையில் இறங்குவது கருஞ்சிவப்பு. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. அடிவயிறு கல்லாகிப்போய் அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடித்தார். டியூட்டி டாக்டர் ஓடிவந்து பெரிய சிரிஞ்சை மாட்டி உறைந்த ரத்தத்தைக் கட்டிகட்டியாக இழுத்து எடுத்தார், நல்ல மனுஷன், விடிய விடியக் கூடவே இருந்தார்.

டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. செய்திருப்பது பைபோலார் என்கிற வகை டி.யூ.ஆர்.பி. பில்லிலோ லேசர் ஒளியைக் கொண்டுபோகிற ஃபைபர் இழைக்கு ஒரு வரி, லேசர் மெஷின் சார்ஜ் இன்னொரு வரி. கேட்டால், "பாதியில மெஷின் மக்கர் பண்ணிடுச்சு, மாத்திட்டோம்." எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து ஆபரேஷன் நோட்டை வாங்கினோம். அதில் முதலிலிருந்து கடைசிவரை லேசர் என்ற சொல்லே இல்லை. எடுத்த சதை 22 கிராம். அதை பயாப்ஸிக்கு அனுப்பியதாகவும் எங்கும் இல்லை. புராஸ்டேட் புற்றுநோய் சந்தேகத்துக்குப் பார்க்கிற ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. நார்மல்தானே என்றார்கள். டூட்டாஸ்டெரைடு சாப்பிடுகிறவருக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகத்தான் காட்டும், இரட்டிப்பாக்கித்தான் பார்க்க வேண்டும் என்பதை அடுத்த ஆஸ்பத்திரியில்தான் கேள்விப்பட்டோம்.

டி.யூ.ஆர்.பி. மட்டமான ஆபரேஷன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 30 முதல் 80 கிராம் வரை உள்ள சுரப்பிக்கு இன்றைக்கும் அதுதான் அளவுகோல். அதில் பழைய வகையான மோனோபோலாரில் உள்ளே கழுவக் கிளைசின் திரவம் ஓடும், அது ரத்தத்தில் அதிகம் கலந்தால் சோடியம் இறங்கி ஆள் குழம்பிவிடுவார். பைபோலாரில் சலைன் என்பதால் அந்தப் பயம் இல்லை. ஆனால் 80 கிராமைத் தாண்டிய சுரப்பிக்கு முதலில் யோசிக்க வேண்டியது முழுச் சதையையும் பெயர்த்தெடுக்கிற முறை. அதில் ஒன்றுதான் ஹோலெப். ஹோல்மியம் லேசரை வைத்து, ஆரஞ்சுச் சுளையைத் தோலிலிருந்து கழற்றுகிற மாதிரி உள்சதையை மொத்தமாகக் கழற்றிச் சிறுநீர்ப் பைக்குள் தள்ளி, அங்கே அரைத்து உறிஞ்சி எடுப்பார்கள். சதை லேப்புக்குப் போகும். கற்றுக்கொள்ள நாளாகிற வேலை, அதனால் டாக்டரிடம் எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கிரீன்லைட் என்ற பச்சை லேசர் வேறு ரகம், சதையை ஆவியாக்கிவிடும். ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது வசதி, ஆனால் பயாப்ஸிக்குச் சதை மிஞ்சாது. இத்தனையையும் லேசர் என்ற ஒரே போர்டுக்குள் அடைத்து விற்கிறார்கள்.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. டி.யூ.ஆர்.பி.யோ ஹோலெப்போ, செய்துகொண்ட பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப் பைக்குள் திரும்பிவிடும். ஆபத்தில்லை, ஆனால் ஐம்பதுகளில் இருக்கிறவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். சுரப்பி அளவாக இருந்தால் நீராவி விட்டுச் சுருக்குகிற ரெசூம், சதையை இழுத்துக் கட்டுகிற யூரோலிஃப்ட் என்று பெரும்பாலும் விந்து பாதிக்காத வழிகளும் இருக்கின்றன.

அப்பாவுக்குச் சில மாதத்திலேயே சிறுநீர் ஓட்டம் மறுபடி சுருங்கிவிட்டது. ஸ்கேனில் 60 கிராமுக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வேறு ஊரில், இதய டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ஹோலெப் செய்தோம். சில வாரம் சிறுநீர் அடக்க முடியாமல் கசியும் என்று அந்த டாக்டர் முன்பே சொன்னார், சொன்னபடியே கசிந்து நின்றது. சதை பரிசோதனையில் புற்று இல்லை.

மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்டைக் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சாகக் கேட்டால் இழுத்தடிப்பார்கள், கடிதம் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். காசு வாங்கிச் சிகிச்சை தருகிற ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது, 2 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நாங்கள் நோட்டீஸ் அனுப்பியதும் பழைய ஆஸ்பத்திரி அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வந்தது. ஃபைபர் காசை மட்டும் திருப்பித் தருகிறோம், எந்தக் குறையும் இல்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அப்பா போனை என்னிடமிருந்து வாங்கி, "முதல்ல லேசர் பண்ணலைன்னு நீங்க எழுதிக் குடுங்க தம்பி, அப்புறம் நான் எழுதுறேன்" என்றார். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து போன் இல்லை. வழக்குப் போட்டாகிவிட்டது.